சட்ட நூலகருக்கு மனநலமும் பன்மைத்துவமும் எதற்கு?

வாசகர் கேள்வி, 11 பிப்ரவரி 2025

நீதிமன்றத்தில் நின்று வாதாடுகிறவருக்கு மன அழுத்தம் என்றால் புரிகிறது. கட்சிக்காரர் கோபிக்கிறார், நீதிபதி கேள்வி கேட்கிறார், வழக்குத் தோற்கிறது. சட்ட நூலகருக்கு என்ன? குளிர்ந்த அறை, அமைதி, புத்தகம். அவருக்கும் மனநலத் திட்டம் வேண்டும் என்கிறார்கள். கூடவே பன்மைத்துவம், அதாவது எல்லாப் பின்னணியினருக்கும் இடம் வேண்டும் என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு விஷயம். ஏன் ஒன்றாகக் கட்டுகிறார்கள்?

11 பிப்ரவரி 2025, இரவு 10.40

பத்தொன்பது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் ஏழு ஆண்டுகள் ஒரு சட்டக் கல்லூரியில், அதன் பிறகு வழக்கறிஞர்கள் வந்துபோகும் ஒரு நூலகத்தில். நேராகவே பதில் சொல்கிறேன்.

482 என்ற ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482-ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். முதல் தகவல் அறிக்கையை ரத்துசெய்யக் கோருகிறவர்கள் அதன் கீழ்தான் போவார்கள். 2024 ஜூலை 1 அன்று அதற்குப் பதிலாகப் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதில் 482 என்றால் முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு ஜூனியர் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், 482-க்குப் பத்துத் தீர்ப்புகள் வேண்டும். காலையில் பட்டியலில் நம் வழக்குதான் முதல்." எந்தச் சட்டத்தின் 482 என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் கை தானாகப் போனது. ரத்து மனுத் தீர்ப்புகளாகப் பார்த்துப் பத்தும் அனுப்பிவிட்டேன். அவருக்கு வேண்டியது முன்ஜாமீன்.

மறுநாள் மதியம் அவருடைய சீனியர் வாசிப்புக் கூடத்துக்கே வந்தார். இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "எண்ணைக்கூடச் சரியாகப் படிக்கத் தெரியாதவர்களை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று என்னிடம் அல்ல, கூடத்தைப் பார்த்துக் கேட்டார். மாலை பஸ்ஸில் போகும்போது இடது கை மரத்துப்போனது. அதன் பிறகு மூன்று மாதம், ஒன்பது மணிக்கு மேல் தொலைபேசி ஒலித்தால் வயிறு சுருண்டுகொள்ளும். அழைத்தது என் அக்காவாக இருந்தாலும்.

குளிர்ந்த அறைக்குள் நடந்ததுதான் இதெல்லாம்.

12 பிப்ரவரி, காலை 7.15

குளிர்ந்த அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேற்று எழுத மறந்தது.

பழைய சட்ட இதழ்த் தொகுதிகள் இருக்கும் பின் கட்டில் குளிர்சாதனம் கிடையாது. தோல் அட்டை பொடியாக உதிர்ந்து செம்மண் போல விரலில் ஒட்டும். 'மெட்ராஸ் லா ஜர்னல்' 1891-இல் தொடங்கியது, 'ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்' தொகுதிகள் 1914-ஆம் ஆண்டிலிருந்து. இவற்றை எடுத்துத் தட்டித் திரும்ப அடுக்குகிறவருக்கு மூச்சிரைப்பு வருவது எங்கள் தொழிலில் வெகு சாதாரணம். ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு முடிந்த வாரம் நான் இருமலோடுதான் தூங்குவேன். முகக்கவசம் வாங்கப் பணம் கேட்டபோது "கைக்குட்டை போதாதா?" என்று கேட்டார்கள். பெருந்தொற்று வந்த பிறகுதான் கிடைத்தது.

12 பிப்ரவரி, இரவு 9.50

"மனநலம் பற்றிச் சட்டத்துறையில் ஆய்வு ஏதாவது உண்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமும் போதை மீட்புச் சிகிச்சை தரும் ஹேசல்டன் பெட்டி ஃபோர்டு அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. 12,825 பேர் பதில் சொன்னார்கள். 20.6 சதவீதத்தினர் ஆபத்தான அளவுக்குக் குடிப்பவர்கள். 28 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு, 19 சதவீதத்தினரிடம் பதற்றம், 23 சதவீதத்தினரிடம் மன அழுத்தம். அடுத்த ஆண்டே தேசிய அளவில் ஒரு பணிக்குழு நீண்ட பரிந்துரை அறிக்கை வெளியிட்டது. சட்டத்துறையினர் தங்களை முதன்முறையாக இவ்வளவு வெளிப்படையாகப் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

14 பிப்ரவரி, மாலை 6.30

நேற்று முன்தினம் எழுதியதைத் திருத்துகிறேன். "சட்டத்துறையினர்" என்று எழுதியது தவறு. அந்த 12,825 பேரும் வழக்கறிஞர்கள். 2017 அறிக்கை நீதிபதிகள், ஒழுங்குமுறை அமைப்புகள், சட்ட நிறுவன முதலாளிகள், சட்டக் கல்லூரிகள், வழக்கறிஞர் சங்கங்கள், தொழில் காப்பீட்டு நிறுவனங்கள், உதவித் திட்டங்கள் என ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பரிந்துரை சொல்கிறது. நூலகருக்கென்று ஒரு பகுதி இல்லை. இவர்கள் அனைவருக்கும் தீர்ப்பு தேடிக் கொடுக்கிற ஆள் கணக்கில் வரவில்லை.

நானே அதைக் கவனிக்காமல் எழுதினேன் என்பதுதான் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. நம்மை நாமே கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் போக்சோ வழக்கு ஒன்றுக்காக 43 தீர்ப்புகளைத் தொகுக்கச் சொன்னார்கள். சாட்சியத்தை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் சட்டக் கேள்வி. அதற்குப் பொருந்துகிறதா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு தீர்ப்பின் நிகழ்வுப் பகுதியையும் படித்தாக வேண்டும். 43 குழந்தைகள். இரண்டு நாள். வழக்கறிஞருக்கு அதில் ஒரு வழக்கு, நீதிபதிக்கும் ஒரு வழக்கு. எனக்கு 43-உம் வரிசையாக. இரண்டாம் நாள் மாலை வீட்டுக்குப் போய் என் தம்பி மகளைத் தூக்க முடியவில்லை. அவளுக்கு அப்போது நான்கு வயது. கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தவளை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வழக்குச் செய்தியை வெளியே பேசக்கூடாது என்று கற்றவர்கள் நாங்கள். அதனால் எதையுமே பேசுவதில்லை. தேடல் வேலைக்கு இரண்டு பேர் இருந்து பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தால்கூட அந்த இரண்டு நாள் வேறு மாதிரி இருந்திருக்கும். 'இன்று குற்ற வழக்கு வேண்டாம், வரி வழக்கு கொடுங்கள்' என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் அதுவே பெரிய மருந்து.

14 பிப்ரவரி, இரவு 11.05

யாரிடம் பேசலாம் என்று தனிச் செய்தியில் கேட்டவருக்கு, மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயே. 14416 என்பது டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைத் தொலைபேசி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. தமிழிலேயே பேசலாம். செப்டம்பர் சம்பவத்துக்குப் பிறகு நானும் அழைத்தேன். எதிர்முனையில் இருந்த பெண் 482 என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மேலே பேசினார். என் வேலை என்ன என்று எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருவர் கேட்டது அன்றுதான்.

17 பிப்ரவரி, இரவு 10.10

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். பன்மைத்துவத்தை ஏன் இதோடு கட்டுகிறோம்?

எங்களிடம் ஓர் இளைஞர் உதவியாளராகச் சேர்ந்தார். நூலக அறிவியலில் முதுநிலைப் பட்டம், தட்டச்சில் நல்ல வேகம். சேர்ந்த முதல் வாரமே தினமும் வரும் ஒரு மூத்தவர், "எந்த ஊர் தம்பி?" என்றார். சொன்னார். "அங்கே எந்தத் தெரு?" தமிழ்நாட்டில் இரண்டாவது கேள்விக்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. இளைஞர் பேருந்து நிலையத்துக்குப் பக்கம் என்று ஏதோ சொல்லி நழுவினார். அதே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அவர் இதழ் அடுக்குகளுக்குப் பின்னால் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். முகவரி அட்டையை மேசை மேல் வைக்கமாட்டார். கைப்பேசியில் பேசினால் வெளியே போய்ப் பேசுவார். ஏழாவது மாதம் அவருக்கு இரவில் தூக்கம் வருவதில்லை என்று தெரிந்தது.

அவர் செய்த நூலக வேலை எட்டு மணி நேரம். தன்னை மறைக்கும் வேலையும் அதே எட்டு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது வேலைக்குச் சம்பளமும் இல்லை, விடுப்பும் இல்லை. அவருக்கு மனநல ஆலோசகர் ஒருவரை ஏற்பாடு செய்து, மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துத் திரும்ப அதே மேசையில் உட்காரவைத்து, அதே கேள்வியைக் கேட்கவிட்டால் என்ன பயன்? அதனால்தான் இரண்டையும் ஒன்றாகக் கட்டுகிறோம். அவை முன்பே ஒன்றாகத்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

18 பிப்ரவரி, காலை 6.50

"நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டவருக்கு: ஏழு மாதம் ஒன்றும் செய்யவில்லை. கேள்வி என் காதில் விழுந்தது. பட்டியலிடும் வேலையில் குனிந்துகொண்டேன். எட்டாவது மாதம்தான் அந்த மூத்தவரிடம், "ஐயா, இங்கே பணியாளரிடம் புத்தகம் மட்டும் கேளுங்கள்" என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வரவில்லை, பிறகு வந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஏழு மாதம் எடுத்துக்கொண்டது என் தவறு. உதவியாளரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், இங்கேயும் பதிகிறேன்.

23 பிப்ரவரி, மதியம் 3.20

ஞாயிறு. இன்று நீளமாக எழுத நேரம் இருக்கிறது.

அலமாரிச் சீட்டுகளைப் பற்றிப் பேசலாம். எங்கள் நூலகத்தில் "ஊனமுற்றோர்" என்று ஒரு சீட்டு இருந்தது. நான் சேரும் முன்பே ஒட்டியது. "பைத்தியம் தொடர்பான சட்டங்கள்" என்று இன்னொன்று, கையெழுத்தில், அழகான கையெழுத்து. ஒரு நாள் ஆத்திரத்தில் இரண்டையும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு "மாற்றுத்திறனாளிகள்", "மனநலச் சட்டங்கள்" என்று புதிதாக அச்சடித்து ஒட்டினேன். வீட்டில் வந்து பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

இப்படிப் பெயர் மாற்றுவதை எதிர்த்து ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்: "சட்டத்தின் பெயரையே மாற்ற முடியாது. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் இந்திய லூனசி சட்டம். அதைத் தேடி வருகிறவர் எங்கே தேடுவார்?" முதலில் படித்தபோது எரிச்சல் வந்தது. இரண்டு நாள் யோசித்த பிறகு, பாதி அவர் பக்கம் நியாயம் என்று ஒப்புக்கொள்கிறேன். 1912-இல் லூனசி சட்டம், 1987-இல் மனநலச் சட்டம், 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம். இந்த மூன்று பெயர்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் நாம் எங்கிருந்து நடந்து வந்திருக்கிறோம் என்பது தெரியும். 1912-ஐ அழித்துவிட்டால் அந்தச் சட்டத்தின் கீழ் பூட்டிவைக்கப்பட்டவர்களின் வழக்குகளும் கண்ணில் படாமல் போய்விடும்.

மறுபாதியில் விட்டுக்கொடுக்க மாட்டேன். சட்டத்தின் பெயர் வேறு, நாம் அலமாரிக்கு வைக்கும் பெயர் வேறு. முன்னது வரலாறு. பின்னது நம் வாய்ச்சொல். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் குடியேறியவர்களைக் குறிக்க "சட்டவிரோத அந்நியர்கள்" என்று பொருள்படும் ஒரு தலைப்பைத் தன் நூற்பட்டியலில் வைத்திருந்தது. டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் 2014-இல் அதை எதிர்த்தார்கள். அங்கேயும் இதே வாதம் வந்தது: குடியேற்றச் சட்டமே அந்நியர் என்ற சொல்லைத்தானே ஆள்கிறது? நாடாளுமன்ற உறுப்பினர்கள்வரை தலையிட்டார்கள். கடைசியில் 2021 நவம்பரில் தலைப்பு மாறியது. "குடிமக்கள் அல்லாதவர்கள்" என்று ஒன்று, "சட்டவிரோதக் குடியேற்றம்" என்று ஒன்று. ஆளிடமிருந்து "சட்டவிரோதம்" கழன்று செயலோடு போய்விட்டது. தன் பெற்றோரைப் பற்றி ஆய்வு செய்ய வரும் மாணவி முதலில் காணும் சொல்லே அவர்களை இகழ்வதாக இருந்தால் அவள் அந்த நூலகத்தில் எத்தனை மணி நேரம் உட்காருவாள்?

எங்கள் தொழிலில் இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. "காண்க" அட்டை. பழைய சொல்லைத் தேடி வருகிறவருக்கு, "லூனசி சட்டம், 1912: காண்க, மனநலச் சட்டங்கள்" என்று ஒரு வரி. அவர் தொலைந்துபோக மாட்டார். புதிய பெயரும் நிற்கும். நான் பிளேடு எடுத்த நாளன்றே அட்டை எழுதியிருக்க வேண்டும். ஐயாவுக்கு நன்றி, அடுத்த வாரம் எழுதுகிறேன்.

சுரண்டி எடுத்த அந்த அழகான கையெழுத்துச் சீட்டைத் தூக்கி எறியவில்லை. சேர்க்கைப் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

5 மார்ச், இரவு 10.30

முந்தாநாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தீர்களா? பார்வையற்றவர்களை நீதிப்பணியிலிருந்து விலக்கிய மத்தியப் பிரதேச விதி 6ஏ செல்லாது என்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு சொல்லிவிட்டது. இன்று காலை இதைத் தேடி எடுத்து எங்கள் நூலகத்துக்கு வரும் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவருக்கு அனுப்பினேன். "மேடம், இதைத் திரைவாசிப்பான் படிக்கிறது!" என்று உடனே அழைத்தார். தீர்ப்பில் என்ன சொல்லியிருக்கிறது என்பதற்கு முன்னால் அவர் சொன்ன மகிழ்ச்சி அது.

பழைய தீர்ப்புகள் அப்படிப் படிக்கப்படுவதில்லை. வருடிய (ஸ்கேன் செய்த) பக்கம் வெறும் படம். கணினிக் குரல் "காலிப் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். ஒரு முறை அவருக்கு 1950-களின் தீர்ப்பு ஒன்று தேவைப்பட்டது. நான் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன், 31 பக்கம். பாதியில் அவர், "நீங்கள் களைத்துவிட்டீர்கள், நாளைக்கு மீதி" என்றார். என் குரலில் இருந்த களைப்பை அந்தக் கட்டடத்தில் முதலில் கண்டுகொண்டவர் அவர்தான்.

அச்சிட்ட நூலைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவுக்கு மாற்ற 2012 பதிப்புரிமைத் திருத்தம் இடம் கொடுத்துவிட்டது. பார்வையற்றோருக்கு நூல் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தத்துக்கு 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி கொடுத்த நாடு இந்தியா. சட்டம் தயார். மாற்றுவதற்கு ஒரு நல்ல வருடியும் ஓர் ஆளும் வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மாற்றிக்கொண்டிருந்தேன். சம்பளம் கேட்கவில்லை, பெருமையாகத்தான் செய்தேன்.

6 மார்ச், காலை 7.00

"பெருமையாகத்தான் செய்தேன்" என்பதை எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

முதலில் ஒரு திருத்தம்: நான் மட்டும் செய்யவில்லை. மேலே சொன்ன உதவியாளரும் வந்தார். அவருக்கும் ஞாயிறு போனது. "அக்கா செய்கிறார், நான் எப்படி வராமல் இருப்பேன்?" என்று நினைத்திருப்பார். மறுப்பதற்கு அவருக்கு நான் இடம் வைக்கவில்லை.

ஃபொபாஸி எட்டார் என்ற அமெரிக்க நூலகர் 2018-இல் இதைப் பற்றித்தான் எழுதினார். நூலக வேலையைப் புனிதம் என்று உயர்த்தி வைத்துவிட்டால், அதில் கூலியும் ஓய்வும் கேட்பது பாவம் போலத் தோன்றிவிடுகிறது என்றார். எங்கள் ஊரில் அதற்கு "சேவை" என்று பெயர். பார்வையற்றவருக்கு நூல் கிடைப்பது அவருடைய உரிமை. உரிமையை நிறைவேற்றுவது நிறுவனத்தின் கடமை. அதற்கு வேலைநாளில், வேலை நேரத்தில், சம்பளத்தோடு ஓர் ஆளைப் போட வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்ததால் நிறுவனம் அந்தக் கடமையை நினைக்கவே தேவையில்லாமல் போனது.

16 மார்ச், மாலை 5.45

பேச்சு கொஞ்சம் விலகுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதனைப் பற்றி.

நூலகம் படித்த எல்லாருக்கும் அவருடைய ஐந்து விதிகள் மனப்பாடம். நான்காவது விதி "வாசகரின் நேரத்தைச் சேமி". எங்கள் தொழிலில் அதுதான் எல்லாவற்றுக்கும் மேல். இரவு ஒன்பதரைத் தொலைபேசியை நான் எடுத்ததும் அந்த விதியால்தான்.

அவர் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வந்த சில நாட்களிலேயே தனிமை தாங்காமல் கல்லூரிக்குத் திரும்பிவிடுகிறேன் என்று போய்க் கேட்டார். லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்து வாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பழைய வேலைக்கு வரலாம் என்று ஏற்பாடு. போனார், யூனிவர்சிட்டி காலேஜில் படித்தார், அங்கே உயிரோட்டமான நூலகங்களைப் பார்த்தார், திரும்பி வந்த பிறகு நூலகத்தை விடவே இல்லை.

கல்லூரியில் இந்தக் கதையை "கடைசியில் ஜெயித்தார்" என்ற இடத்துக்காகச் சொல்வார்கள். எனக்கு இப்போது முதல் பகுதிதான் பெரிதாகத் தெரிகிறது. ஆள் நடமாட்டமில்லாத நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருப்பது என்னால் முடியவில்லை என்று ரங்கநாதனே வாய்விட்டுச் சொன்னார். கேட்டவர்கள் அவரைக் கோழை என்று சொல்லவில்லை. ஒரு வழி செய்து கொடுத்தார்கள், திரும்புவதற்குக் கதவையும் திறந்து வைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. அவருக்குப் பேச்சில் திக்கல் இருந்தது. இன்றைக்கு ஒரு சட்ட நூலக நேர்காணலில் திக்கிப் பேசும் இளைஞர் வந்தால் எத்தனை பேர் எடுத்துக்கொள்வார்கள்? நானே ஒரு தேர்வுக் குழுவில் இருந்தபோது "வழக்கறிஞர்களிடம் வேகமாகப் பேச வேண்டுமே" என்று ஒருவரைத் தள்ளிவைத்ததற்குத் தலையாட்டியிருக்கிறேன்.

29 மார்ச், இரவு 9.15

அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எழுதுங்கள் என்றார்.

தீர்ப்புத் தொகுதிகளை மின்வடிவாக்கும் பணிக்கு ஒரு திருநங்கை தற்காலிகப் பணியாளராக வந்தார். திருநர் உரிமையை அங்கீகரித்து 2014-இல் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் தந்த தீர்ப்பை எங்கள் நூலகத்துக்காக வருடிக் கணினியில் ஏற்றியவர் அவர்தான். அவர் எந்தக் கழிப்பறைக்குப் போவது என்று நிர்வாகம் மூன்று வாரம் பேசிக்கொண்டே இருந்தது. கோப்பு மேலே போனது, கீழே வந்தது. அந்த மூன்று வாரமும் அவர் காலையிலிருந்து மாலைவரை தண்ணீர் குடிக்கவில்லை. நாலாவது வாரம் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், நான்கு நாள் விடுப்பு. தற்காலிகப் பணி என்பதால் அந்த நான்கு நாளுக்குச் சம்பளம் பிடித்தார்கள்.

தீர்வு என்ன தெரியுமா? மாடியில் பூட்டிக் கிடந்த ஒரு கழிப்பறைக்குச் சாவி. கதவில் ஆண், பெண் என்று எழுதாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டார்கள். ஒரு மதியப்பொழுது வேலை. இப்போது எனக்கும் அதுதான் வசதி.

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல், தன்பாலின ஜோடி ஒன்று பாதுகாப்புக் கேட்ட சுஷ்மா வழக்கில் உத்தரவு எழுதும் முன், தன்பாலின உறவு தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் திருநர், தன்பாலின ஈர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையினரை எந்தச் சொற்களால் குறிப்பது என்று 2022-இல் தமிழ்நாடு அரசு சொற்பட்டியல் வெளியிட்டது. எங்கள் பட்டியலிடும் மேசை மேல் அதன் நகல் இருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதியே "எனக்குத் தெரியவில்லை, சொல்லிக் கொடுங்கள்" என்று போகலாம் என்றால், ஒரு நிர்வாக அலுவலர் அந்தப் பெண்ணிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்று வாரத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

20 ஏப்ரல், காலை 11.00

"சரி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

பெரிய மாநாடு வேண்டாம். யோகா தினத்தில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் படம் எடுக்கவும் வேண்டாம். தேடல் வேண்டுகோளுக்கு ஒரு முடிவு நேரம் வேண்டும், அதற்கு மேல் வருவது மறுநாள் காலை. சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு மூன்றும் எழுதிக் கொடுத்தால்தான் தேடல் தொடங்கும். கொடிய குற்ற வழக்குகளின் தொகுப்பை ஒருவர் தலையில் கட்டக்கூடாது. தற்காலிகப் பணியாளருக்கும் நோய்விடுப்பு வேண்டும். ஆள் எடுக்கும்போது யார் வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சட்ட நூலகர்களுக்கு 1906 முதலே தனிச் சங்கம் இருக்கிறது. சிறுபான்மை இனத்தவர் சட்ட நூலகராகப் படிக்க ஜார்ஜ் ஏ. ஸ்ட்ரெய்ட் பெயரில் உதவித்தொகையும் தந்து வந்திருக்கிறார்கள். நம் மாவட்ட வழக்கறிஞர் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு மாணவருக்காவது நூலகவியல் படிக்கக் கட்டணம் கட்டலாம். ஆண்டுவிழாச் சாப்பாட்டுச் செலவில் ஒரு பகுதிதான் ஆகும்.

சிறிய அலுவலகங்களில் தனியாக வேலை பார்க்கும் பெண் நூலகர்களுக்கு ஒரு முக்கியச் செய்தி. பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013-இன்படி பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள இடத்தில் உள்ளகக் குழு இல்லாமல் இருக்கலாம். அதனால் புகார் கொடுக்க இடமில்லை என்று நினைக்காதீர்கள். மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது, அங்கே கொடுக்கலாம். சட்டப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் நம்மில் பலருக்கே இது தெரியாது. எனக்குப் பத்து ஆண்டு தெரியாமல் இருந்தது.

2 ஜூலை, இரவு 8.30

புதிய குற்றவியல் சட்டங்கள் வந்து நேற்றோடு ஓர் ஆண்டு. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் என்பதால் இரண்டு அலமாரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கொலைக்குப் பழையதில் 302, புதியதில் 103. புதியதில் 302 என்றால் மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. உதவியாளர் ஒப்பீட்டு அட்டவணை ஒன்றைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். 482-க்கு எதிரே மட்டும் சிவப்பில் கோடு. அதற்கு அடியில் தன் கையால் "காண்க: 528" என்று எழுதியிருக்கிறார். பிரதி ஒன்று திரைவாசிப்பானுக்கு ஏற்ற வடிவில் இருக்கிறது. அதை அவர் செவ்வாய்க்கிழமை, வேலை நேரத்தில் செய்தார்.

மாலை ஏழு மணிக்கு மேல் தொலைபேசி எடுப்பதில்லை என்று ஏப்ரலில் அறிவித்தோம். இரண்டு பேர் புகார் எழுதினார்கள். நேற்று இரவு ஒன்பதே முக்காலுக்கு அதே ஜூனியரின் அழைப்பு வந்திருப்பதைக் காலையில்தான் பார்த்தேன். நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு தாள்: சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு. "மேடம், சாப்பிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தாளை நீட்டினார். தீர்ப்பு ஏழு நிமிடத்தில் கிடைத்துவிட்டது.